மழை வரவு

துளை போட்ட அட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பத்திரிகை மாதிரி வாசிக்கக்கூடிய ஆள் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒருத்திதான் இருந்தாள். இரத்தினேஸ்வரி. கொட்டியாறு சரக்குக் கம்பனியில் வாசல் கேற் காவலாளி முதல் மனேஜர் வரை எல்லாருக்கும் அவள் ரத்தினேஸ் அக்கா. கப்பலில் பாரம் தூக்கும், யாருக்கும் மசியாத வின்ச்காரர்கள்கூட அவளுடைய அறை ஜன்னலைத் தாண்டும்போது பீடியை அணைத்துவிட்டுத்தான் போவார்கள். அப்படி ஒரு மரியாதை. அந்த மரியாதைதான் தன்னைக் கெடுத்தது என்று பிற்காலத்தில் அவளே நினைத்தாள். பிறகு நினைத்து என்ன செய்வது?

குடாவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களில் இருந்து மாவையும் சீமெந்தையும் உரத்தையும் இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவது கம்பனியின் வேலை. முந்நூறு பேர் நாட்கூலிகள். கப்பல் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. ஒவ்வொருவரும் மாதத்தில் எத்தனை நாள் வேலை செய்தார் என்பதை இரத்தினேஸ்வரியும் அட்டை அறையில் அவளோடு வேலை செய்யும் புஷ்பவதியும் ஸாலிஹாவும் அட்டையில் துளையிட்டு, பெட்டியில் அடுக்கி, கொழும்பு மெயில் றெயிலில் ஏற்றிவிடுவார்கள். தலைமைக் கந்தோரின் கொம்பியூட்டர் அந்த அட்டைகளைத் தின்றுவிட்டுச் சம்பளப் பட்டியலையும் சேவைப் பட்டியலையும் கக்கும். சேவைப் பட்டியல்தான் தொழிலாளிக்கு உயிர். என்றைக்காவது கம்பனி ஆட்களை நிரந்தரமாக்கினால், சேவை நாள் கூடியவனுக்குத்தான் முதலிடம் என்பது பேச்சு.

அறுபத்தொன்பதாம் ஆண்டு மாரியில் ஒரு காலை, கிண்ணியாவைச் சேர்ந்த அபூதாஹிர் சொட்டச் சொட்ட நனைந்து அவளுடைய ஜன்னலில் வந்து நின்றார். வின்ச் வேலைக்காரர். கோபத்தைக் காட்டத் தெரியாத மனிதர், அன்றைக்கு மட்டும் காட்டினார்.

"தங்கச்சி, நான் விடிய நாலரைக்குப் பாதையேறி வாறனான். இங்க வந்தா, மழை, மாவு நனையும், கப்பல் மூடியைத் திறக்க ஏலாது, வீட்ட போ எண்டு சொல்றாங்கள். வராமல் வீட்டில போர்த்திக்கொண்டு படுத்தவனுக்கும் சைபர். வந்து நனைஞ்ச எனக்கும் சைபர். ரெண்டு சைபரும் ஒண்டா?"

பாதை என்று அவர் சொன்னது, கிண்ணியாத் துறையில் ஆளையும் பஸ்ஸையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவையை. மாரிக் காற்றில் அதில் ஏறுவதற்கே நெஞ்சுரம் வேண்டும்.

அவர் கேட்டதில் இருந்த நியாயம் அவளைக் குத்தியது. மனேஜரிடம் போய்க் கதைத்தாள். அப்போதிருந்த மனேஜர் நல்ல மனுஷன், பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். தொழிற்சங்கத்து ஆளையும் கூப்பிட்டு வைத்து, மழைக்காக வேலை நின்ற நாளில் கேற்றுக்கு வந்தவனுக்குக் கூலி கிடையாது, ஆனால் சேவையில் அந்த நாள் சேரும் என்று வாயால் சொன்னார். எழுத்தில் ஒன்றும் இல்லை. அதற்கு 'மழை வரவு' என்று துறைமுகமே பெயர் வைத்துவிட்டது.

ஆனால் அட்டையில் அதற்கு இடம் இல்லை. எண்பது கட்டமும் ஏற்கனவே நிரம்பியிருந்தது. இரத்தினேஸ்வரிதான் வழி கண்டுபிடித்தாள். மழை நாட்களைத் தனி அட்டையில் அதே நாள் கட்டத்தில் அடித்து, கடைசி இலக்கத்துக்கு மேலே மைனஸ் துளை ஒன்றைப் போட்டுவிட்டால் என்ன? யாரும் மாதத்தில் மைனஸ் ஐந்து நாள் வேலை செய்வதில்லை. ஆகவே மைனஸைக் கண்டால் அது மழை. கொழும்பில் புறோகிராம் எழுதுகிற வயதான மனிதர் ட்ரங்க் கோலில் சிரித்தார். "நீங்கள் மைனஸைப் போடுங்கோ பிள்ளை, மிச்சத்தை நான் பார்க்கிறன்" என்றார். ஆர்.பி.ஜி. என்ற அந்த மொழியில் எழுதிய புறோகிராமில் அவர் ஒரு வரியைச் சேர்த்தார். மைனஸ் வந்தால் கூலியில் தொடாதே, அடையாளத்தைப் பிளஸாகத் திருப்பிச் சேவையில் கூட்டு. அவ்வளவுதான். பதினொரு வருடம் அந்த ஒரு வரி பிசகாமல் ஓடியது.

அந்தப் பதினொரு வருடத்தில் மழை வரவு அதிகம் எடுத்தவர் அபூதாஹிர். சூறாவளி அடித்த வருடம்கூட, முறிந்து கிடந்த தென்னைகளைத் தாண்டிக்கொண்டு கேற்றுக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டுத்தான் போனார். மற்றவர்கள் அவரைப் பகிடி பண்ணுவார்கள். இரத்தினேஸ்வரி பண்ணமாட்டாள். அவருடைய மழை அட்டையை அடிக்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

எண்பதாம் ஆண்டு ஒக்டோபரில் யோகலிங்கம் வந்தான். தலைமைக் கந்தோருக்குப் புது மெஷின் வந்துவிட்டது, பழைய ஆர்.பி.ஜி. எல்லாவற்றையும் கோபோல் என்ற மொழிக்கு மாற்றவேண்டும், அதற்கென்று எடுத்த பொடியன். வயது இருபத்தேழு இருக்கும். பழைய மொழியில் ஓர் எண்ணுக்கு எத்தனை இலக்கம், புள்ளி எங்கே என்பதைப் படிவத்தின் கட்டங்களில் குறிப்பார்கள். புதியதில் அதையே வசனமாக எழுதவேண்டும். பழைய மெஷினின் தட்டில் எண்கள் ஓர் அறைக்குள் இரண்டிரண்டாக நெருக்கி அடைத்துக் கிடந்தன, புது மெஷினால் அதை வாசிக்க முடியவில்லை. ஆகவே அட்டைகளில் இருந்தே தொடங்குவோம் என்று முடிவெடுத்து, கொழும்பில் வாசித்துத் திருப்பி அனுப்பி இங்கே பண்டகசாலையில் கிடந்த பதினொரு வருட அட்டைகளைச் சரிபார்த்து ஏற்றிப் போக வந்திருந்தான்.

நல்ல பொடியன் என்பதை இரத்தினேஸ்வரி ஒருபோதும் மறுத்ததில்லை. வரும்போதே மூன்று பேருக்குமாக மஸ்கற் இனிப்புப் பார்சல் கொண்டுவந்தான். "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். மூன்று நாள் அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. நாலாம் நாள் ஸாலிஹா கண் சிவக்க உள்ளே வந்தாள். மனேஜரின் மேசையில் ஒரு கடிதத்தைக் கண்டிருக்கிறாள். புது மெஷின் முழுதாக வந்தபிறகு திருகோணமலையில் அட்டை அறை தேவையில்லை, ஓர் ஆள் போதும் என்று எழுதியிருக்கிறது. கீழே யோகலிங்கத்தின் கையெழுத்து.

"மஸ்கற் தந்து கழுத்தை அறுக்கிறான்" என்றாள் புஷ்பவதி.

அன்று பின்னேரம்தான் அவன் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு இரத்தினேஸ்வரியின் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, இந்த நாள் கணக்கில கனக்க மைனஸ் கிடக்கு. திருத்தங்கள்தானே? கூடப் போட்டதைக் கழிக்கிறதுக்கு?"

அவள் தலை நிமிரவில்லை. விரல்கள் அடித்துக்கொண்டே இருந்தன.

"பழைய புறோகிராமில ஒரு வரி மைனஸைப் பிளஸாத் திருப்புது. அது எழுதினவற்ற பிழையெண்டு நினைக்கிறன். எடுத்துவிடலாம்தானே?"

மழை வரவு. இரண்டே சொல். மூச்சு விடுகிற நேரத்துக்குள் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது வேறு.

"நீங்கள் படிச்ச ஆக்கள் தம்பி. உங்களுக்குத் தெரியாததையே நாங்கள் சொல்லப் போறம்?"

அவன் கொஞ்ச நேரம் நின்றான். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. பிறகு, "அப்ப சரி அக்கா" என்று சட்டைப்பையில் இருந்த கொப்பியை எடுத்து எழுதினான். எழுதுவதை அவள் கடைக்கண்ணால் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிழையான பட்டியலைப் போட்டு வாங்கிக் கட்டட்டும், பிறகு ஓடிவந்து ஒழுங்காகக் கேட்கட்டும், அப்போது சொல்லிக்கொடுப்போம். அதுதான் அவளுடைய எண்ணம். புதுக் கூட்டுத்தொகை பழையதோடு ஒத்துவராது, உடனே பிடிபட்டுவிடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒத்துவரவில்லைதான். ஆனால் ஒத்துவராவிட்டால் எதை நம்புவார்கள் என்பதை அவள் யோசிக்கவில்லை. புது மெஷின் சரி, பழைய புறோகிராம் பதினொரு வருடமாகத் திருத்தங்களைக் கழிக்காமல் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறது என்று யோகலிங்கம் அறிக்கை எழுதினான். பெரிய பிழை ஒன்றைக் கண்டுபிடித்தான் என்று தலைமைக் கந்தோர் அவனைப் பாராட்டியது. இதெல்லாம் கொழும்பில் நடந்தது. திருகோணமலைக்கு ஒரு வரியும் வரவில்லை.

ஜனவரியில் இடி விழுந்தது. மூட்டை இறக்க இயந்திரம் வருகிறது, அறுபது பேரை நிரந்தரமாக்குகிறோம், மிச்சப் பேரை நிறுத்துகிறோம் என்று கம்பனி அறிவித்தது. சங்கமும் பட்டியலைப் பார்த்து ஒப்பம் வைத்துவிட்டது. அடுத்த நாள் காலை அபூதாஹிர் ஜன்னலில் நின்றார். கையில், அன்றோடு வேலை முடிந்தது என்ற கடிதம்.

"என்ட பேர் இல்லையாம் தங்கச்சி. ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்க. மற்றவனுகள்ற கை பிழைக்கும், உங்கட கை பிழைக்காது."

பட்டியலைப் புரட்டினாள். போன வருடப் பட்டியலில் பதினாலாவது ஆள், 2461 நாள். இப்போது தொண்ணூற்றேழாவது, 1855. அவள் பென்சிலை எடுத்துக் கழித்தாள். அறுநூற்றாறு. பாதியாக்கினாள். முந்நூற்று மூன்று. அவருடைய மழை வரவு முந்நூற்று மூன்று நாள். சேராமல் விட்டதுகூட இல்லை, கழித்திருக்கிறார்கள். நனைந்து வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவருக்கு இரண்டு நாள் போயிருந்தது. வீட்டில் படுத்திருந்தவர்கள் வரிசையாக மேலே ஏறியிருந்தார்கள். 

"பார்க்கிறன் நானா" என்றாள், அவரை அண்ணனாக வைத்து எப்போதும் கூப்பிடுகிற மாதிரி. 

மனேஜரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். மைனஸ் என்றால் திருத்தம் இல்லை, மழை என்றாள். புது மனேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் கடதாசியை நம்புகிற மனிதர். மழை வரவுக்கு எழுத்தில் உத்தரவு உண்டா என்று கேட்டார். இல்லை. கேற்றில் வந்தவர் பெயர் பதிந்த புத்தகங்கள்? ஒவ்வொரு வருடமும் எரிப்பது வழக்கம். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்:

"அட்டைகளைக் கொண்டுவாங்கோ. மைனஸ் எல்லாம் மாரி மாதங்களில மட்டும் இருந்தால் நான் கொழும்புக்கு எழுதுறன். ஒருவரும் மறுக்க ஏலாது."

அவள் ஓட்டமாகப் பண்டகசாலைக்குப் போனாள். அங்கே அட்டை இருந்த இறாக்கைகள் சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. வாசித்து முடிந்ததும் கொழும்பில் இருந்து பெட்டிகள் திரும்பி வந்ததாம். புது மெஷினில் எல்லாம் ஏறிவிட்டதால் டிசம்பரில் பழைய கடதாசிக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். அன்று மத்தியானம் கேற்றுக்கு வெளியே கச்சான் கடலைக்காரன் அவளுடைய அட்டைகளைத்தான் சுருட்டிக் கச்சான் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் பத்துச் சுருள் வாங்கி, கச்சானைக் கொட்டிவிட்டு விரித்து விரித்துப் பார்த்தாள். எல்லாம் ஆடி மாதத்து அட்டைகள். ஒன்றிலும் மேல் துளை இல்லை.

கொழும்புக்கு ட்ரங்க் கோல் எடுத்தாள். அட்டைகளைப் பதிந்த காந்த நாடா, அந்த ரேப், இருக்கிறதா என்று கேட்டாள். மழை வரவைப் பற்றி அவள் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டு யோகலிங்கம் சொன்னான்:

"அந்த ரேப்பில வேற வேலை எழுதிப்போட்டம் அக்கா. ரேப் தட்டுப்பாடு. கூட்டுத்தொகை மட்டும்தான் கிடக்கு. அதில எது மழை, எது வெயில் எண்டு பிரிக்க ஏலாது."

"அப்ப ஒண்டும் செய்ய ஏலாதோ?"

"நான் உங்களிட்டக் கேட்டனான் அக்கா."

"ஓம் தம்பி. கேட்டனீங்கள்."

"நானும் இன்னொருக்கால் கேட்டிருக்கோணும்" என்றான் அவன்.  அவனைத் திட்டுவதற்கென்று வாயில் வைத்திருந்ததை விழுங்கிக்கொண்டு அவள் ரெலிபோனை வைத்தாள். சங்கத்து ஆளைப் பிடித்துக் கதைத்துப் பார்த்தாள். அந்த ஆளுடைய பெயர் புதுப் பட்டியலில் ஐம்பத்திரண்டாவது, தப்பிவிட்ட அறுபதில் ஒன்று. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒப்பம் வைத்தது வைத்ததுதான் என்றார்.

ஒரு கிழமை ஓடியது. பிழையை எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது, சொல்லவேண்டிய ஆளிடம் மட்டும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி, பாதையில் கடந்து கிண்ணியாவுக்குப் போனாள். தை மாதக் கடைசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வழியெல்லாம் வசனங்களைக் கோத்துக்கொண்டு போனாள். நானா, அவன் என்னைக் கேட்டவன், நான் வேணுமெண்டுதான் சொல்லாமல் விட்டனான்.

கதவைத் திறந்தது அபூதாஹிரின் மனைவி றுக்கியா. ஆளைக் கேட்டு அறிந்ததும் அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதான் அந்தப் புள்ளயா? வாங்க, வாங்க, நனைஞ்சுபோய் நிக்கிறீங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். "அவர் வேலைக்குப் போயிட்டாரே. நாலரைப் பாதையில போனவர். இந்த மழைக்குள்ள ஏன் போறீங்க எண்டு கேட்டா, மழையெண்டாலும் வரவு விழும், சும்மா கிட எண்டு ஏசுவார்."

இரத்தினேஸ்வரி கதிரையின் நுனியில் அப்படியே இருந்தாள்.

"மழை நாளையும் கணக்கில சேர்க்க வழி செஞ்சது நீங்கதானாமே" என்று குசினியில் இருந்தே றுக்கியா கதைத்துக்கொண்டிருந்தாள். "எப்பவும் சொல்லுவார். அந்தத் தங்கச்சி இருக்கும் வரைக்கும் என்ட ஒரு நாளும் வீணாப் போகாது எண்டு. நான் உங்களை ஒரு நாளைக்குப் பார்க்கவேணும் எண்டு நினைச்சிருந்தனான்."

இஞ்சி போட்ட தேத்தண்ணியும் தொதல் துண்டுகளும் வந்தன.  ஏன் வந்தீர்கள் என்று றுக்கியா கேட்டதற்கு, இந்தப் பக்கம் ஒரு அலுவல், எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றாள். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கத்தோடு அவள் ஒரு தேத்தண்ணியும் குடித்ததில்லை.

திரும்பிப் பாதையில் கடந்து இக்கரையில் இறங்கியபோது மணி இரண்டரை. துறையடித் தேத்தண்ணிக் கடையின் தாழ்வாரத்து மர வாங்கில், மடியில் சோற்றுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு அபூதாஹிர் இருந்தார். வேலைச் சட்டை போட்டிருந்தார். அவளைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். அவள் மழைக்குள் நின்றபடியே, கோத்து வைத்திருந்த வசனம் எதுவும் ஞாபகம் வராமல், கொட்டிவிட்டாள். அட்டை, மைனஸ், யோகலிங்கம் கேட்டது, தான் மனக்கடுப்பில் சொன்ன பதில், அவன் எழுதியதைப் பார்த்துக்கொண்டு இருந்தது, எல்லாம்.

"என்ட வாயாலதான் நானா உங்கட வேலை போனது. நான் சொல்லியிருந்தா நீங்கள் பதினாலாவது ஆள்."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  ஏசுவார் என்று அவள் காத்து நின்றாள். ஏசினால் தாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"எங்கிருந்து வாறீங்க? வீட்ட போனீங்களா?" என்று கேட்டார்.

"ஓம்."

"றுக்கியாட்டச் சொல்லிப்போட்டீங்களா?"

"இல்லை நானா."

அவருடைய தோள் தளர்ந்தது. முகத்தைத் துவாயால் துடைத்துக்கொண்டார்.

"அப்ப சரி" என்றார். பிறகு, "நீங்க அப்படிச் செய்வீங்க எண்டு நான் நினைக்கல்ல" என்றார். அவ்வளவுதான்.  சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக் கீழே வைத்து வாங்கில் இடம் விட்டார். "நனையாம வந்து இரிங்க. அஞ்சரைப் பாதைக்கு முந்தி நான் போக ஏலாது. வேளைக்குப் போனா அவள் கேட்பாள்."

அவள் ஏறவேண்டிய பஸ் வந்தது. கொண்டக்டர் அவளைப் பார்த்து இரண்டு தரம் கூப்பிட்டான். பஸ் போய்விட்டது. அவள் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள், அஞ்சரைப் பாதை வரும் வரைக்கும் எழும்பவில்லை.